தஞ்சாவூர் ஜில்லா போர்டு ரயில்வே

மாயவரத்தில் தொடங்கித் திருவாரூர், திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை வழியாக அறந்தாங்கி வரையில் சென்ற மீட்டர்கேஜ் இருப்புப்பாதைக்கு இப்பெயர் வழங்கிற்று. பாதை தஞ்சாவூர் ஜில்லா போர்டாருக்குச் சொந்தம். வண்டிகளை ஓட்டியவர்கள் தென்னிந்திய ரயில்வே கம்பெனியார். இன்று காரைக்குடி–திருவாரூர் மார்க்கமாக விளங்குவதன் பெரும்பகுதி இப்பாதையே ஆயினும், அது காரைக்குடியை எட்டியது, அக்கம்பெனி மறைந்து தெற்கு ரயில்வே தோன்றிய பிற்பாடுதான்.

நாகப்பட்டினத்துக்கும் தஞ்சாவூருக்கும் இடையே 1861-லேயே ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. அதற்குத் தெற்கே, காவேரியின் கடைமடையிலும் கடலோரத்து உப்பளங்களிலும் விளைந்தவற்றை வெளியேற்ற பெரும்பாலும் மாட்டுவண்டியையே நம்ப வேண்டியிருந்தது. லண்டனிலிருந்து மூலதனம் வருமென்று காத்திராமல், ஜில்லா போர்டார் நிலத்தின்மீது ஒரு ரயில்வே வரி விதித்தனர். விகிதம் ரூபாய்க்கு மூன்று தம்பிடி, அதாவது காலணா. அறுபத்துநான்கு ரூபாய்க்கு ஒரு ரூபாய். மிராசுதார் முதல் நாலு மா நிலம் வைத்திருந்தவர் வரையில் எல்லோரும் இறுத்த இக்காலணாக்கள் சேர்ந்துதான் தண்டவாளமாகவும் பாலமாகவும் உருக்கொண்டன. மாயவரம்–முத்துப்பேட்டைப் பகுதி 1894 ஏப்ரல் 2-ஆம் நாள் திறக்கப்பட்டது. 1902-ல் பட்டுக்கோட்டைக்கும், 1903-ன் இறுதியில் அறந்தாங்கிக்கும் பாதை நீண்டது. சென்னை ராஜதானியில் ஸ்தல ஸ்தாபனம் ஒன்று சொந்தமாக ரயில்பாதை அமைப்பதற்கு இதுவே வழிகாட்டி. பின்னாளில் பெஜவாடா–மசூலிப்பட்டினம் பாதையைக் கிருஷ்ணா ஜில்லா போர்டும், திருச்செந்தூர்ப் பாதையைத் திருநெல்வேலி ஜில்லா போர்டும் இம்முறையிலேயே அமைத்தன.

அறந்தாங்கியோடு பாதை நின்றதற்கு மலையோ ஆறோ காரணமன்று. வரி எங்கே முடிந்ததோ அங்கே தண்டவாளமும் முடிந்தது. அறந்தாங்கி அந்நாளில் தஞ்சாவூர் ஜில்லாவின் தென்கோடி. மேற்கே புதுக்கோட்டை சமஸ்தானம், தெற்கே மதுரை ஜில்லாவைச் சேர்ந்திருந்த ஜமீன் சீமைகள். தஞ்சாவூர்க் குடியானவர் கொடுத்த காலணாவைச் செட்டிநாட்டில் செலவிடப் போர்டாருக்கு அதிகாரமில்லை. செட்டிநாட்டிலோ பணத்துக்குப் பஞ்சமில்லை. ரங்கூனிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கொடுக்கல்வாங்கல் நடத்திய நகரத்தார் ஊருக்கு ஊர் அரண்மனை போன்ற வீடுகளை எழுப்பிக்கொண்டிருந்த காலம் அது. ஆயினும், மலாய் நாட்டுக்குக் கப்பலேற நாகப்பட்டினத்துக்குப் போகும் ஒருவர் இந்த ரயிலைப் பிடிக்க விரும்பினால், பெட்டியையும் கட்டுச்சோற்றையும் ஏற்றிக்கொண்டு அறந்தாங்கி வரையில் வண்டி கட்டித்தான் ஆகவேண்டும். பர்மாவுக்குத் தேக்கு வாங்கப் போன கைகளுக்குப் பக்கத்துச் சீமைத் தண்டவாளம் எட்டாமற்போனது சற்றே விசித்திரந்தான்.

காரைக்குடிக்கு முதல் ரயில் வேறு திசையிலிருந்து வந்தது. திருச்சிராப்பள்ளியிலிருந்து புதுக்கோட்டைக்கு 1929-ல் திறந்த பாதை, மறு ஆண்டு காரைக்குடி வழியே மானாமதுரையைச் சென்றடைந்தது. கிழக்கே அறந்தாங்கி அப்போதும் முனையாகவே நின்றது. கம்பெனி 1944-ல் சர்க்கார் வசமாகி, 1951-ல் தெற்கு ரயில்வேயில் கலந்து, அதற்கு அடுத்த ஆண்டிலேதான் அறந்தாங்கி–காரைக்குடி இணைப்பு முடிந்தது. அரைநூற்றாண்டாகக் காத்திருந்த இடைவெளி சுமார் இருபது மைல். அரிசி ஆலைகளுக்குப் பேர்பெற்ற புதுவயலையும் அதையடுத்த கண்டனூரையும் ஒரே பலகையில் எழுதிய ‘கண்டனூர் புதுவயல்’ ஸ்டேஷன் இப்பகுதியில்தான் இருக்கிறது. ஒன்றை விட்டு மற்றொன்றின் பெயரை மட்டும் வைத்திருந்தால் எத்தனை மனஸ்தாபம் விளைந்திருக்குமோ!

கம்பன் கழகத்தால் புகழ்பெற்ற ஊருக்குப் பொருத்தமாக, சென்னையிலிருந்து இவ்வழியே காரைக்குடி வந்த இரவு வண்டி கம்பன் எக்ஸ்பிரஸ் எனப் பெயர் பெற்றது. அகலப்பாதையாக மாற்றும் பொருட்டு 2012-ல் மீட்டர்கேஜ் வண்டிகள் நிறுத்தப்பட்டன. காரைக்குடி–பட்டுக்கோட்டைப் பகுதி 2018-லும், பட்டுக்கோட்டை–திருவாரூர்ப் பகுதி 2019-லும் மீண்டும் திறந்தன. தொடக்கத்தில் லெவல் கிராசிங்குகளுக்குக் காவலர் போதாமையால், கேட் கீப்பர்கள் ரயிலிலேயே பிரயாணம் செய்தனர்: ஒவ்வொரு கேட்டுக்கும் முன்னால் வண்டி நிற்கும், ஒருவர் இறங்கிப் போய்க் கேட்டைச் சாத்துவார், வண்டி கடந்ததும் மீண்டும் நிற்கும், பின்பெட்டியிலிருந்து மற்றொருவர் இறங்கித் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறிக்கொள்வார். 149 கிலோமீட்டர் கடக்க ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆயிற்று.