பன்னிரு பொத்தான்களில் தமிழ்

ஏர்க்காட்டு மலையில், மஞ்சக்குட்டைப் பக்கம், சாரல் வேளையில் நின்று கைப்பேசியை எடுத்துப் பாருங்கள். ஈரம் பட்டால் தொடுதிரை தடுமாறும். விரலால் ஏற்படும் மின்னூட்ட மாறுதலை உணர்வதே அதன் வேலை. நீர்த்துளியும் அதை ஏமாற்றிவிடுகிறது. பொத்தான் கைப்பேசியிலோ, அழுத்தினால் அடியிலுள்ள மின்சுற்று இணையும், அவ்வளவுதான்.

ஆனால் நமக்கு வேறொரு சிக்கல் இருந்தது. பொத்தான்கள் 12, தமிழ் எழுத்துகளோ 247! இந்தியாவில் கைப்பேசி 1995இலேயே வந்துவிட்டது. எனினும் ‘வருகிறேன்’ என்று எழுத ஆங்கில எழுத்துகளைக் கடன் வாங்கினோம். (படித்தவர் பட்ட பாடு தனிக்கதை!)

வழி நம் இலக்கணத்திலேயே இருந்தது. 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையைக் கவனியுங்கள். உயிருக்கு 12, மெய்க்கு 18, ஆய்தத்துக்கு 1; தமிழ் எழுத்துகளுக்கு இந்த 31 விசைகளே போதும். ‘க’வை அடுத்து ‘ஆ’வை அழுத்தினால், இயந்திரமே ‘கா’ என்று கோத்துவிடும். 216 உயிர்மெய்களுக்குத் தனி இடம் வேண்டியதில்லை. முப்பத்தொன்றைப் பன்னிரண்டில் அடக்குவது, பொத்தானுக்கு இரண்டு மூன்றாக அடுக்கும் வேலைதானே?

மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘செல்லினம்’ 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் வெளியாயிற்று. பொத்தான் கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்தி நடமாடத் தொடங்கியது.

இடநெருக்கடி மட்டும் தீரவில்லை. ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 இடங்கள். யூனிகோடு தமிழுக்கு 70தான். அதிலும் ‘கா’ இரண்டு இடம் பிடிக்கும்.