பாபநாசத்திலிருந்து வேதிப் பொறியியலுக்கு: பட்டியல் சாதி மாணவர்கள் அறிய வேண்டிய சட்டமும் வழியும்

பாபநாசம் வட்டத்தில் திருமண்டங்குடி சர்க்கரை ஆலையை அறியாதவர் இல்லை. அதன் நிறுவனம் திவால் நடவடிக்கைக்கு உள்ளாகி ஆலை கைமாறியதும், கரும்பு நிலுவைக்கும் தங்கள் பெயரில் வாங்கப்பட்ட வங்கிக் கடனுக்கும் தீர்வு கேட்டு விவசாயிகள் 2022 இறுதியில் போராட்டம் தொடங்கியதும் இப்பகுதியினருக்குத் தெரியும். அதைத் தனியே பேச வேண்டும். இங்கே நாம் பார்க்க விரும்புவது ஒரு சர்க்கரை ஆலைக்குள் நடக்கும் வேலையை.

பிழிந்த சாற்றில் சுண்ணாம்பைக் கலந்து, கந்தக டை ஆக்சைடு வாயுவைச் செலுத்தி, அழுக்கைப் படியவைக்கிறார்கள். தெளிந்த சாறு வரிசையாக நிற்கும் ஆவியாக்கிக் கலன்களில் சுண்டுகிறது; முதல் கலனில் எழும் ஆவியே அடுத்த கலனைச் சூடாக்குகிறது. பிறகு வெற்றிடக் கலனில் படிகமாக்கி, மையவிலக்கு எந்திரத்தில் சர்க்கரையைப் பிரிக்கிறார்கள். மிஞ்சும் கழிவுப்பாகு எரிசாராயமாகிறது, சக்கை கொதிகலனில் எரிகிறது. உள்ளே எவ்வளவு சாறு போனது, எவ்வளவு சர்க்கரை வந்தது, எவ்வளவு வெப்பம் செலவானது, கழிவு எங்கே போனது என்று கணக்கிட்டு, அதற்கேற்பக் கலன்களை வடிவமைத்து இயக்கும் கல்விதான் வேதிப் பொறியியல். பி.எஸ்சி. வேதியியலும் இதுவும் ஒன்றல்ல. நான்காண்டுப் படிப்பில் வேதியியலைவிடக் கணக்கும் இயற்பியலுமே அதிகம்.

கரும்பு வெட்டியவர்கள் யார், மூட்டை சுமந்தவர்கள் யார் என்று டெல்டாவில் ஒருவருக்கும் விளக்க வேண்டியதில்லை. கலனை வடிவமைக்கும் மேசைக்கு அவர்களின் பிள்ளைகள் போய்ச் சேரும் வழியைத்தான் இக்கட்டுரையில் எழுதுகிறோம்.

அந்தத் தொடர் ஆவியாக்கியை உருவாக்கியவரின் வரலாற்றையும் மாணவர்கள் அறிந்திருப்பது நல்லது. நார்பெர்ட் ரில்லியூ 1806இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் வெள்ளையினத் தந்தைக்கும் கறுப்பின வழிவந்த தாய்க்கும் பிறந்தார். அக்காலத்தில் லூயிசியானா தோட்டங்களில் கொதிக்கும் பாகைக் கொப்பரைக்குக் கொப்பரை அகப்பையால் அள்ளி ஊற்றியவர்கள் அடிமைகள். வெந்த கைகளும் அவர்களுடையவை. பாரிஸில் படித்துத் திரும்பிய ரில்லியூ தம் முறைக்கு 1843இலும் 1846இலும் காப்புரிமை பெற்றார். எந்திரத்தை வாங்கிய முதலாளிகள் அதை உருவாக்கியவரைச் சமமாக நடத்தவில்லை. பின்னர் அவர் பிரான்சுக்கே போய் 1894இல் அங்கு இறந்தார். அவருடைய எந்திரம் அடிமை முறையை ஒழித்துவிடவில்லை. தோட்ட முதலாளிகளின் லாபத்தையே பெருக்கியது என்பதையும் மறைக்கத் தேவையில்லை. எனினும் இன்றைய சர்க்கரை ஆலைகள் அவர் வகுத்த கோட்பாட்டின்படியே சாற்றைச் சுண்டவைக்கின்றன.

இனி நம் ஊர் நிலைமைக்கு வருவோம். இந்தப் பட்டத்துக்கான முதல் முடிவு கலந்தாய்வுக்கு இரண்டாண்டு முன்பே, பதினொன்றாம் வகுப்பில் பாடப்பிரிவு தேர்ந்தெடுக்கும் நாளில் எடுக்கப்படுகிறது. கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் இல்லாத பிரிவில் சேர்ந்த மாணவருக்கு இப்படிப்பின் கதவு அன்றே ஏறக்குறைய மூடிவிடுகிறது. "உனக்குக் கணக்கு வராது, வேறு குரூப் எடுத்துக்கொள்" என்ற சொல் சேரிப் பிள்ளைகளின் காதில்தான் அதிகம் விழுகிறது என்பது எங்கள் அனுபவம். பிளஸ் டூ முடித்து ஜூன் மாதத்தில் எங்களிடம் வருபவர்களுக்கு அந்த இழப்பை எந்த நீதிமன்றத்தாலும் ஈடுகட்ட இயலாது. ஆகவே, கேட்ட பிரிவை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு அன்றே தலைமையாசிரியரிடம் மனுக்கொடுக்க வேண்டும். நகலை முதன்மைக் கல்வி அலுவலருக்கு அனுப்ப வேண்டும். பத்தாம் வகுப்புக்குப் பின் பாலிடெக்னிக்கில் பட்டயம் முடித்து, பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரும் வழியும் உண்டு. மொத்தக் காலமும் அதனால் கூடுவதில்லை; அது தாழ்ந்த வழியன்று.

மாநிலத்தில் பொறியியலுக்கு நுழைவுத்தேர்வு 2007 முதல் இல்லை. கணிதத்துக்கு 100, இயற்பியல், வேதியியலுக்குத் தலா 50 என 200க்குக் கணக்கிடும் கட்-ஆஃப் மதிப்பெண்ணே தரவரிசையைத் தீர்மானிக்கிறது. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் கலந்தாய்வில் கிடைக்கும் கல்லூரிகளில் ஒன்று, 1944இல் தொடங்கி இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமாக உள்ள கிண்டி அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வேதி மற்றும் மின்வேதிப் பொறியியல் பட்டப்படிப்பை நடத்துகிறது. நம் ஊருக்கு அருகில் துவாக்குடியிலுள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் சேர ஜே.இ.இ. முதன்மைத் தேர்வு எழுத வேண்டும். அதைத் தமிழிலும் எழுதலாம் என்பது கிராமத்துப் பிள்ளைகள் பலருக்கு இன்னும் எட்டாத செய்தி. அங்கு பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் முழுவதும் விலக்கு; விடுதிக்கும் உணவுக்கும் தனியே வழி தேட வேண்டும்.

படித்தபின் வேலை எங்கே என்ற கேள்வி டெல்டாவில் சிக்கலானது. 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தஞ்சை உள்ளிட்ட மாவட்டங்களில் செம்பு, அலுமினியம், துத்தநாக உருக்காலைகளையும் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களையும் தடை செய்கிறது. நாங்கள் அச்சட்டத்தை ஆதரிப்பவர்கள். அதனால் நம் பட்டதாரி மணலிக்கோ கடலூருக்கோ தூத்துக்குடிக்கோ போக நேரும் என்பதையும் சொல்லியாக வேண்டும். அரசுப் பணியில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் உதவிப் பொறியாளர் பதவி முக்கியமானது. ஆலைக் கழிவு எந்த ஓடையில், எந்தக் குடியிருப்பின் ஓரத்தில் போகிறது என்று ஆய்வு செய்து அறிக்கை எழுதும் இடம் அது. கழிவுநீர்த் தொட்டிக்குள் நம்மவரைக் கொல்லும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை அளக்கவும் அகற்றவும் கற்பிக்கும் துறையும் இதுவே.

இடஒதுக்கீட்டுக்கு வருவோம். மாநிலக் கலந்தாய்வில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு; அதற்குள் 3 விழுக்காடு அருந்ததியருக்கு 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ஒதுக்கீடு. பழங்குடியினருக்கு 1 விழுக்காடு. இது உச்சவரம்பன்று. பொதுப்போட்டிக்குரிய 31 விழுக்காட்டில் மதிப்பெண் அடிப்படையில் இடம் பெறும் பட்டியல் சாதி மாணவர் ஒதுக்கீட்டுக் கணக்கில் சேரமாட்டார். 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு இருக்கிறது. கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் இதில் அடங்கும். அரசு உதவிபெறும் பள்ளிகள் அடங்கா. எட்டாம் வகுப்புக்குப்பின் பள்ளி மாற்ற நினைக்கும் பெற்றோர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

பெரும்பாலானவர்கள் தடுமாறுவது பணத்தில். ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பத்தினருக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. கிறித்தவத்துக்கு மாறிய தலித் மாணவர்கள் மத்தியத் திட்டத்தில் வரமாட்டார்கள். அவர்களுக்கு மாநில அரசு தன் நிதியிலிருந்து தருகிறது. தகுதியுள்ள மாணவரிடம் தனியார் கல்லூரிகளும் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்ற நோக்கில் 2012இல் ஆதிதிராவிடர் நலத்துறை 92ஆம் எண் அரசாணையை வெளியிட்டது. 2020 டிசம்பரில் மத்தியத் திட்டம் மாற்றப்பட்டபின் 60 விழுக்காடு மத்தியப் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கே வருகிறது. அது வருவதற்குத் தாமதமாகும் மாதங்களில்தான் "முதலில் கட்டு, பிறகு வாங்கிக்கொள்" என்ற நெருக்குதல் தொடங்குகிறது. அதற்கு அஞ்சி வட்டிக்கு வாங்கிய குடும்பங்களை நாங்கள் அறிவோம். முன்பணம் கட்டாமல் சேர்வதற்கான ஃப்ரீஷிப் அட்டை அந்தத் திட்டத்தின் நெறிமுறையிலேயே உள்ளது. கட்டணத்துக்காக அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைப்பதைப் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் தடை செய்தது.

சாதி, வருமானம், முதல் பட்டதாரிச் சான்றிதழ்களை ஏப்ரல் மாதத்திலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கிவிட வேண்டும். பட்டியல் சாதிச் சான்று வட்டாட்சியர் தருவது. பழங்குடிச் சான்று கோட்டாட்சியர் தருவதால் அதற்கு மேலும் முன்கூட்டித் தொடங்க வேண்டும்.

காலக்கெடு தவறினால் எல்லாம் முடிந்ததாகக் கருத வேண்டாம். முசாபர்நகர் மாவட்டத்துத் தலித் கூலித் தொழிலாளியின் மகன் ஒருவர் 2024இல் தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் பெற்றார். 17,500 ரூபாயைக் குறித்த நேரத்துக்குள் இணையத்தில் கட்டி முடிக்க முடியாமல் இடத்தை இழந்தார். பட்டியல் சாதியினர் ஆணையத்துக்கும் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் அலைந்து, இறுதியில் உச்ச நீதிமன்றத்தை அடைந்தார். செப்டம்பர் 30 அன்று அரசமைப்பின் 142ஆம் பிரிவைப் பயன்படுத்தி அவரைச் சேர்க்க நீதிமன்றம் உத்தரவிட்டது. 2021இலும் இதேபோல் மும்பை ஐ.ஐ.டி.யில் கட்டணம் கட்ட இயலாமற்போன தலித் மாணவர் ஒருவருக்கு இடம் கிடைத்தது. 142 உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே உரிய அதிகாரம். அதை நம்பித் திட்டமிட முடியாது. ஆனால் அவ்விரு வழக்குகளிலும் மாணவர்கள் உடனே முறையிட்டிருந்தார்கள், பணம் கட்ட முயன்றதற்குச் சான்றும் இருந்தது. எனவே தோல்வியுற்ற பணப்பரிமாற்றத்தின் திரைப்படத்தையும், மின்னஞ்சலையும், அலுவலக முத்திரை பெற்ற மனு நகலையும் அன்றைக்கே ஒரு கோப்பில் சேர்த்துவிட்டு எங்களைப் போன்றவர்களிடமோ, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடமோ வாருங்கள். பட்டியல் சாதியினருக்கு அங்கு வருமான வரம்பின்றி இலவசமாக வழக்கறிஞர் அமர்த்தித் தருவார்கள்.