வெட்டிய பழமும் பீலித் தண்ணீரும்

பதுளையிலிருந்து பண்டாரவளைக்குச் செல்லும் வீதியிலுள்ள ஹாலிஎல, சூழவுள்ள தேயிலைத் தோட்டங்களுக்குச் சந்தையாகவும், மலைநாட்டு இருப்புப்பாதை 1924இல் பதுளையை எட்டிய பின்னர் புகையிரதம் நின்று செல்லும் இடமாகவும் வளர்ந்த சிறுநகரம். உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய அன்னாசித் துண்டும் மாங்காய்க் கீற்றும் அச்சாறும் ஊவா மாகாணத்தின் பேருந்துத் தரிப்பிடங்களிலும் புகையிரதங்களிலும் இன்று அன்றாடத் தீனியாகிவிட்டன. ஆயினும் வெட்டிய பழத்தால் வரும் நோயின் வரலாற்றைப் பழத்தட்டில் தேடுவதைவிடத் தோட்டத்துத் தண்ணீரில் தேடுவதே பொருத்தமாகும்.

1869இல் தோன்றிய இலைத்துரு நோயால் கோப்பி அழிந்து தேயிலை பரவியபோது, அதுவரை அறுவடைக்கு வந்து ஊர் திரும்பிய தமிழ்த் தொழிலாளர், ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டியிருந்தமையால், குடும்பத்தோடு லயங்களில், அதாவது ஒரே கூரையின்கீழ் வரிசையாக அமைந்த சிற்றறைகளில், நிலைத்துத் தங்கினர். மலைச்சரிவின் ஊற்றைக் குழாயாலோ தகரத்தாலோ இறக்கிக் கொட்டவிடும் பீலியே குடிக்கவும் குளிக்கவும் பாத்திரம் கழுவவும் அவர்களுக்குப் பயன்பட்டது. மலசலகூடமற்ற லயத்தின் கழிவு மழையோடு வழிந்து சரிவின் கீழுள்ள ஊற்றில் கலப்பதைத் தடுக்க எதுவும் இருக்கவில்லை.

வாந்திபேதியை ஏற்படுத்தும் பற்றீரியாவை ரொபர்ட் கொக் 1884இல் கல்கத்தாவின் குளத்து நீரிலேயே கண்டறிந்திருந்தார். அப்படியிருந்தும் குடியேற்ற அரசு நோயைக் கடல் கடந்து வரும் தொழிலாளரின் உடலில் தேடி, அவர்களை இந்தியக் கரையிலிருந்த மண்டபம் முகாமில் தடுத்து வைத்துக் கண்காணித்ததேயன்றி, அவர்கள் போய்ச் சேர்ந்த தோட்டங்களின் நீரைச் சீராக்குவதில் அதே முனைப்பைக் காட்டவில்லை. 1916இல் ரொக்பெல்லர் நிறுவனத்தின் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் மலசலகூடங்களை வற்புறுத்தியபோதும், தோட்டத்துரைமார் பலர் அச்செலவை ஏற்கத் தயங்கினர். அந்தத் தயக்கத்தின் விலையை லயத்துக் குழந்தைகளே வயிற்றோட்டமாகவும் வயிற்றுளைவாகவும் செலுத்தினர்.

அத்தகைய நீர் பழத்தட்டை எட்டும் வழியை இனிப் பார்ப்போம். பழத்துக்குத் தோலே காவல். கத்தி தோலை ஊடுருவும்போது தோலில் ஒட்டியிருக்கும் கிருமி சதைக்குள் இறங்குகிறது; வெட்டுபவரின் கையும், பலகையும், கத்தியை அலசும் வாளித் தண்ணீரும் அதனோடு சேர்கின்றன. காலையில் நிரப்பிய வாளி மாலைவரை மாற்றப்படாவிட்டால், ஒரு பழத்தின் அழுக்கு அடுத்த பழங்களுக்கெல்லாம் பங்கிடப்படும். இதில் எல்லாப் பழங்களும் ஒன்றல்ல: புளிப்பு மிகுந்த அன்னாசியிலும் வினாகிரியில் ஊறிய அச்சாறிலும் கிருமி பெருகுவது கடினம் என்றாலும், அது உடனே அழிந்துவிடும் என்று கொள்ள இயலாது; புளிப்புக் குறைந்த பப்பாசியிலும் தர்ப்பூசணியிலும், நெருப்புக்காய்ச்சல் கிருமியை உள்ளடக்கிய சல்மனெல்லா இனம், வெட்டி வெளியில் வைத்த சில மணி நேரத்திலேயே பெருகத் தொடங்கும். தேசிக்காய் பிழிவதும் உப்புத் தூவுவதும் கிருமியைக் குறைக்கக்கூடுமேயன்றி முற்றாக நீக்கா. செல்வந்த நாடுகளுக்கும் இவ்வாபத்து உண்டு என்பதற்கு, 2011இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துப் பண்ணையொன்றின் முலாம்பழங்களில் இருந்த லிஸ்டீரியா பற்றீரியா 33 பேரைப் பலிகொண்டது சான்றாகும். அங்கும் பழங்களைக் கழுவிப் பொதி செய்த கூடத்தின் தூய்மைக்கேடே காரணங்களுள் ஒன்றாகக் கண்டறியப்பட்டது.

இலங்கையின் 1980ஆம் ஆண்டு 26ஆம் இலக்க உணவுச் சட்டம், மாசடைந்த உணவை விற்பதைக் குற்றமாக்கி, கண்காணிக்கும் பொறுப்பைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் உள்ளிட்ட அதிகாரிகளிடம் ஒப்படைத்தது. சட்டம் தேவையானதே, எனினும் அது எளிதில் எட்டிப் பிடிப்பது கூடையும் கத்தியுமாக நிற்கும் விற்பனையாளரைத்தான், அவருடைய வாளியை நிரப்பும் நீரை அன்று. குளோரின் இட்ட குழாய்நீரைப் பேருந்துத் தரிப்பிடத்துக்கும் லயத்துக்கும் கொண்டுசேர்க்கும் கடமை உள்ளூராட்சி மன்றங்களுக்கும் தோட்ட நிர்வாகங்களுக்கும் உரியது. தண்டப்பணம் அறவிடுவதற்கு முன்னரே அக்கடமை நிறைவேற்றப்பட வேண்டும்.