தாயின் எடையும் பிள்ளையின் நலமும்



பினாங்கு சூலியா தெருவை நம்மில் பலர் அறிவோம். 'சூலியா' என்பது தென்னிந்தியத் தமிழர்களுக்கு, சிறப்பாகத் தமிழ் முஸ்லிம்களுக்கு, முற்காலத்தில் வழங்கிய பெயர். அவர்கள் சோறும் குழம்பும் தண்டில் சுமந்து துறைமுகத் தொழிலாளர்க்கு விற்றதே நாசி கண்டார். மூட்டை தூக்கிய உடம்புக்கு அது ஏற்ற உணவு. இன்று சோறு அதேதான், உழைப்புதான் குறைந்துவிட்டது. டின்பால் தேநீரும் கூடச் சேர்ந்துகொண்டது. இந்த மாற்றம் நம் கர்ப்பிணிகளை எப்படிப் பாதிக்கிறது?

நம் பாட்டிமார் காலத்தில் மலேரியாவும் கொக்கிப்புழுவும் தோட்டத்துப் பெண்களின் இரத்தத்தை உறிஞ்சின. சோகை பிடித்த தாய்க்கு மெலிந்த பிள்ளை பிறந்தது. ஆகவே, "இரண்டு உயிருக்குச் சாப்பிடு" என்று பெரியவர்கள் சொன்னார்கள். கொழுகொழு குழந்தை வீட்டின் பெருமையாயிற்று. டின்பால் புகட்டும் வழக்கமும் பரவியது. 1939இல் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார் சிங்கப்பூரில் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் பேசி, இனிப்பு டின்பாலைக் குழந்தை உணவாக விற்பதைக் கண்டித்தார்.

பசி குறைந்த பிறகு வேறொரு சிக்கல் வந்தது. 2019ஆம் ஆண்டு தேசிய ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் பாதிப் பேர் அளவுக்கு மீறிய எடை உள்ளவர்கள்.

கர்ப்பகாலத்தில் இன்சுலின் வேலை இயல்பாகவே மந்தமாகும். உடற்பருமன் அதை மேலும் மந்தமாக்கும். தாயின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரை பிள்ளைக்கும் செல்கிறது. பிள்ளை தானே அதிக இன்சுலின் சுரந்து பெருக்கிறது. பிரசவம் கடினமாகிறது; அறுவை தேவைப்படலாம். தொப்புள்கொடி அறுந்ததும் பிள்ளையின் சர்க்கரை திடீரென இறங்கலாம். தாய்க்கு இரத்த அழுத்தமும் ஏறலாம். பின்னாளில் இருவருக்குமே இனிப்பு நீர் வரும் வாய்ப்பு கூடுகிறது.

1964இல் அமெரிக்காவில் ஓ'சல்லிவன் என்பவர் கர்ப்பகால நீரிழிவைக் கண்டறியும் அளவுகளை வகுத்தார். சென்னை டாக்டர் வீ. சேஷய்யா போன்றோரின் முயற்சியால், 2007இல் தமிழ்நாடு அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இச்சோதனையை ஏற்பாடு செய்தது. நம் நாட்டுக் கிளினிக்குகளிலும் எடை கூடியவர்களுக்குச் சீனித் தண்ணீர் கொடுத்துச் சோதிக்கிறார்கள்.

அப்படியானால் பட்டினி கிடக்கலாமா? கூடவே கூடாது. சாதாரண எடையுள்ள தாய்க்குப் பேறுகாலத்தில் 11.5 முதல் 16 கிலோ வரையும், உடற்பருமன் உள்ளவருக்கு 5 முதல் 9 கிலோ வரையும் கூடினால் போதும் என்பது 2009இல் அமெரிக்க நிபுணர்கள் சொன்ன கணக்கு. சோற்றைக் குறைத்து, கீரை, பருப்பு, மீன் சேர்ப்போம். தேநீரில் டின்பாலைத் தவிர்ப்போம். மாலையில் சற்று நடப்போம்.

இன்னொன்று. "குண்டாகிவிட்டாய்" என்ற ஏச்சுக்கு அஞ்சியே சில பெண்கள் கிளினிக்குப் போகத் தயங்குகிறார்கள். தோட்டத்துப் பெண்ணின் உடம்பை அன்று பசி வாட்டியது; இன்று சீனி வாட்டுகிறது. இரண்டுமே அவள் குற்றமல்ல. மாமியாரும் கணவரும் அவளைக் குறை கூறாமல் உடன் அழைத்துச் செல்லட்டும். அவளுக்கென்று தனிச் சமையல் வேண்டாம்; வீடே சேர்ந்து உணவை மாற்றட்டும்.