பொம்மனஹள்ளி: அரசுப் பள்ளியும் குடும்ப வருமானமும்

பெங்களூரின் தெற்கே ஓசூர் சாலையை ஒட்டிய பொம்மனஹள்ளி, 2007இல் மாநகராட்சியோடு இணைந்த பகுதி. ஆயத்த ஆடை ஆலைகளை நம்பி வந்த குடும்பங்கள் இங்கே ஏராளம். இத்தகைய இடத்தில் அரசுப் பள்ளியின் தரத்தை ஆசிரியரின் பிரம்பைவிடப் பெற்றோரின் சம்பளமே அதிகம் தீர்மானிக்கிறது. கட்டணம் கட்ட முடிந்தவர்கள் தனியார் பள்ளிக்கு நகர, தட்டிக்கேட்கும் குரலும் அவர்களோடு போய்விடுகிறது; வேலையோ வாடகை வீடோ மாறினால் எஞ்சிய பிள்ளையின் படிப்பும் அறுபடுகிறது. அடி நின்றதால்தான் அரசுப் பள்ளி கெட்டது என்பாரும் உண்டு. ஆனால் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தனியார் பள்ளியிலும் உடல் தண்டனையைத் தடுக்கிறது. தடை இரு வகைப் பள்ளிகளுக்கும் பொது என்றால் வேறுபாட்டுக்கு அது காரணமாகாது. அதே சட்டம் ஏழைகளுக்குத் தனியார் பள்ளிகளில் தந்த 25 விழுக்காட்டு இடங்களை, அருகில் அரசுப் பள்ளி இருந்தால் தர வேண்டியதில்லை எனக் கர்நாடக அரசு விதியைத் திருத்தியது, 2019இல் உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. வருமானப் பிரிவினை அதனால் இன்னும் இறுகியது.