சேவியர் வீட்டுப் பெண்: எலிசபெத் டெய்ட்டின் குலமும் மதமும் குறித்து ஒரு மறுவாசிப்பு

எலிசபெத் சேவியர் டெய்ட்டை உயர்சாதி இந்துக் குடும்பத்தைத் துறந்து சென்ற பெண்ணாகக் காட்டும் ஆய்வு மரபு நிலைபெற்றுவிட்டது. பம்பாயில் பிறந்தவர், பிரிட்டிஷ் படையில் பயிற்சி அளித்த அயர்லாந்துக்காரர் வில்லியம் டெய்ட்டை மணந்தவர், 1856இல் மார்மன் குடியேறிகளின் வில்லி கைவண்டிக் குழுவோடு யூட்டா சேர்ந்தவர் என்பவற்றில் சர்ச்சை இல்லை. சர்ச்சை அவர் எந்த வீட்டிலிருந்து கிளம்பினார் என்பதில்தான். அது இந்து வீடு அன்று, கத்தோலிக்க வீடு என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

இந்து வீடு என்னும் முடிவுக்கு அடிப்படை, யூட்டாவில் சந்ததியினர் வழிவழியாகச் சொல்லிவந்த குடும்ப வரலாறு. உயர்குலம், செல்வச் செழிப்பு, நல்ல கல்வி என்பவை அதில் அழுத்தம் பெறுகின்றன. முதல் மகனை வாந்திபேதி கொண்டுபோகிறது. 1855இல் வில்லியம் மற்றொரு மகனோடு முன்னதாகப் புறப்படுகிறார். கருவுற்றிருந்த எலிசபெத் தங்கிவிடுகிறார். பிறகு கைக்குழந்தையோடு தனியே கிளம்ப முனைந்தபோது, போகாதே, எங்களோடு இருந்துவிடு என்று பிறந்த வீட்டார் மன்றாடுகிறார்கள். அவர் கேட்கவில்லை. அமெரிக்கக் கரையைக் காணும் முன்பே அந்தக் குழந்தையும் இறந்துவிடுகிறது.

மன்றாடல் என்னும் அந்தக் கட்டத்தை எல்லோரும் உருக்கத்துக்காக எடுத்தாள்கிறார்கள். நான் அதைச் சான்றாக எடுத்துக்கொள்கிறேன். 1850களின் பம்பாய் மாகாணத்தில் உயர்சாதி இந்துப் பெண் ஒருத்தி வெள்ளைச் சிப்பாயை மணந்து, அவனோடு உண்டு, அவனுக்குப் பிள்ளை பெற்றபின், பிறந்த வீட்டு வாசல் அவளுக்குத் திறந்திருக்குமா? மதம் மாறியோரின் சொத்துரிமையைக் காக்க 1850இல் வந்த 21ஆம் எண் சட்டத்துக்கே இந்துக்களிடமிருந்து எவ்வளவு எதிர்ப்பு எழுந்தது என்பதை நாம் அறிவோம். அந்தச் சட்டம்கூடச் சொத்தில் பங்கு கொடுக்கச் சொன்னதே தவிர, அடுக்களையில் இடம் கொடுக்கச் சொல்லவில்லை. சாதியிலிருந்து விலக்கப்பட்ட மகளை நினைத்துப் பெற்றோர் மறைவில் அழுதிருக்கலாம். பேரக்குழந்தையோடு வீட்டிலேயே இரு என்று வெளிப்படையாகக் கெஞ்சுவது வேறு. அப்படிக் கெஞ்சிய குடும்பத்துக்கு ஐரோப்பியக் கிறிஸ்தவ மருமகன் தீட்டாகத் தோன்றவில்லை என்றே கொள்ள வேண்டும். அவர்களுக்கு உறுத்தியது அவருடைய மார்மன் சபையும் கடல்கடந்த தூரமும்தான்.

இதோடு சேவியர் என்ற குடும்பப் பெயரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெங்களூரில் இருந்து எழுதுகிறவனுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சேவியர் என்னும் தூய சவேரியாரின் பேராலயம் நிற்கும் ஊர் இது. மதம் மாறியபோது சூட்டிய பெயராக அது இருக்கலாமே என்பார்கள். சீர்திருத்தச் சபைப் போதகர் எவரும் ஒரு இயேசு சபைப் புனிதரின் பெயரைத் தம்மிடம் வந்தவளுக்குச் சூட்டியிருக்கமாட்டார். கத்தோலிக்கக் குரு சூட்டியிருந்தால் என் வாதமே வலுப்படும்.

அப்படியானால் உயர்குலம் என்ற நினைவைப் பொய்யென்று தள்ளிவிடலாமா? அதற்குத் தேவை இல்லை. கோவாக் கத்தோலிக்கரிடையே பாமண், சார்தோ என்னும் சாதிப் பிரிவுகள் ஞானஸ்நானத்துக்குப் பின் பல தலைமுறைகள் கடந்தும் நீடித்தன. பம்பாயில் கோவாக் குடும்பங்கள் ஏராளம். தமிழ் வாசகருக்கு இது புதிதன்று. வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த தேவாலயத்தில் சாதிக்கொரு பக்கமாக மக்களைப் பிரித்து உட்கார வைத்ததையும், 1910இல் தடுப்பை இடித்ததையும், அதைத் தொடர்ந்த வழக்கையும் அறிந்தவர்கள் நாம். சிலுவை போட்டுக்கொண்டதும் சாதி கரைந்துவிடும் என்று நம்புகிறவர்களுக்குத்தான் 'உயர்குலம்' என்று கேட்டதும் 'இந்து' என்று எழுதத் தோன்றும். யூட்டாவில் பிறந்த பேரப்பிள்ளைகளுக்கு அந்த மயக்கம் இயல்பு. ஆய்வாளர்கள் அதை அப்படியே வாங்கிக்கொண்டதுதான் வருத்தம் தருகிறது. போர்த்துகீசியக் கலப்புக் குடும்பமாகவும் இருக்கலாம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் சாதி நினைவு அவ்வளவு அழுத்தமாகத் தங்கியிருப்பதால், கோவாவை நோக்கியே என் மனம் சாய்கிறது.

இந்த வாசிப்பு ஒரு பெண்ணின் பூர்வீகத்தோடு நிற்பதில்லை. 1852இல் பம்பாய் வந்து பூனாவில் சபை அமைத்த ஹியூ ஃபின்ட்லே, 1853இல் சென்னையில் இறங்கிய ரிச்சர்ட் பாலண்டைன், ராபர்ட் ஸ்கெல்டன் ஆகிய மார்மன் போதகர்களின் கூட்டங்களுக்கு வந்தவர்கள் யார்? படைவீரர்கள், அவர்களுடைய மனைவிமார், ஐரோப்பியர், யூரேசியர். இந்துக்களிடையே அந்தப் போதகர்களுக்குக் கிடைத்த வெற்றி மிகக் குறைவு. கண்டோன்மென்ட்டுக்குள் போதிக்க ராணுவ அதிகாரிகள் தடை விதித்தது, அவர்களுடைய இயல்பான களத்தையே பறித்தது. எலிசபெத்தை இந்துவாக வைத்தால் அவர் அந்த வரலாற்றில் ஓர் அதிசய விலக்கு. கத்தோலிக்கராக வைத்தால் பூனா கண்டோன்மென்ட் உலகில் இயல்பாகப் பொருந்துகிறார். 1809இல் உருவாகி, மதராஸ் படையின் பின்னே வந்த தமிழரால் நிறைந்த பெங்களூர் கண்டோன்மென்ட்டும் அதே வார்ப்புதான். சிப்பாய்க்கும் உள்ளூர்க் கிறிஸ்தவப் பெண்ணுக்கும் நடந்த திருமணம் இவ்வூர்களில் எவரையும் வியக்கவைத்த செய்தி அன்று.

இப்படிச் சொல்வதால் எலிசபெத்தின் துணிவு குறைந்துவிடாது. 1856 அக்டோபர் 19இல் பனி கொட்டத் தொடங்கியபோது வில்லி குழுவிடம் மாவு தீரும் நிலையில் இருந்தது. 23ஆம் தேதி பனிப்புயலில் ராக்கி ரிட்ஜ் மேட்டைக் கடந்தார்கள். அடுத்த முகாமில் பலரை ஒரே குழியில் புதைத்தார்கள். பயணம் முழுவதும் இறந்தோர் அறுபதுக்கும் மேல். நவம்பர் 9இல் சால்ட் லேக் அடைந்தவர்களில் அவரும் ஒருவர். சீடர் சிட்டியில் கணவரோடு வாழ்ந்த பிற்காலத்தை இங்கே விரிக்கவில்லை. வாதத்துக்கு அது வேண்டியதில்லை.

1993 முதல் மார்மன் சபையின் மிஷன் பெங்களூரில் இயங்குகிறது. 2018இல் அறிவிக்கப்பட்ட ஆலயத்துக்கு 2020 டிசம்பரில் இங்கே அடிக்கல் நாட்டினார்கள். முன்னோடி இந்தியப் பெண்ணாக எலிசபெத்தின் கதை இங்கே இனி அடிக்கடி சொல்லப்படும் என்பதால், இந்தத் திருத்தம் இப்போதே தேவைப்படுகிறது.

இதை உறுதிசெய்யத் தேட வேண்டிய இடம் பம்பாய்ப் பங்குகளின் ஞானஸ்நானப் பதிவேடுகள். ஒரு எச்சரிக்கை: அக்காலப் பம்பாய்க் கத்தோலிக்கம் போர்த்துகீசியப் பத்ருவாதோ, ரோமின் புரோபகாந்தா என இரு ஆட்சிகளாகப் பிளந்து கிடந்தது. 1853இல் மேல் மாகிம் தேவாலயத்தை விட்டுக்கொடுக்க மறுத்து ரோமின் தரப்பு ஆயர் ஹார்ட்மன் உள்ளே அடைபட்டுக் கிடக்கும் அளவுக்கு அந்தப் பூசல் முற்றியது. ஆகவே ஒரு தரப்புப் பதிவேட்டில் பெயர் இல்லை என்பதை இன்மைக்குச் சான்றாகக் கொள்ளக்கூடாது. இரு தரப்பிலும், அவர் பிறந்ததாகச் சொல்லப்படும் 1833ஐ ஒட்டிய ஆண்டுகளில் சேவியர் குடும்பத்து எலிசபெத் என்றொரு குழந்தையைத் தேட வேண்டும். பதிவேடுகள் முழுமையாக இருந்தும் இரண்டிலும் அவர் கிடைக்காவிட்டால், என் வாசிப்பைக் கைவிடச் சம்மதம்.