பருவநிலை மாற்றச் சட்டம், 2008 (பிரிட்டன்)

பசுமைக்குடில் வாயுக்களின் வெளியேற்றத்தைக் குறைப்பதை அரசின் சட்டபூர்வக் கடமையாக்கிய பிரிட்டன் நாடாளுமன்றச் சட்டம். நீண்டகால இலக்கொன்றை ஒரு நாடு இவ்வகையில் சட்டமாக்கியது உலகில் இதுவே முதல் முறை.

இதற்கான அழுத்தம் ஆட்சிக்கு வெளியிலிருந்தே வந்தது. 2005-இல் 'ஃபிரண்ட்ஸ் ஆஃப் தி எர்த்' அமைப்பு ஓர் இயக்கம் தொடங்கியது. ரேடியோஹெட் இசைக்குழுவின் தாம் யார்க் அதற்காகப் பேசினார். 400-க்கும் மேற்பட்ட எம்.பி.க்கள் ஆதரித்துக் கையெழுத்திட்டனர். எதிர்க்கட்சித் தலைவர் டேவிட் கேமரூனும் சட்டம் கோரியபின் தொழிற்கட்சி அரசால் தட்டிக்கழிக்க முடியவில்லை. 2007 மார்ச்சில் வெளியான வரைவு, 1990-ஆம் ஆண்டு அளவிலிருந்து 2050-க்குள் 60% குறைப்பைக் கோரியது. அடேர் டர்னர் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி அது 80% ஆனது. 2008 அக்டோபர் 28 இரவு மசோதா 463–3 என்ற வாக்குக் கணக்கில் காமன்ஸ் சபையில் நிறைவேறியது. அன்று லண்டனில் பனி பெய்தது. 1934-க்குப் பின் அதுவரை அங்கே அக்டோபரில் பனி விழுந்ததில்லை. எதிர்த்து வாக்களித்த பீட்டர் லில்லி அதை அவையிலேயே குத்திக்காட்டினார். நவம்பர் 26-இல் அரச ஒப்புதல் கிடைத்தது.

2050 இலக்கு நேரடியாகக் கட்டுப்படுத்துவது ஆலைகளை அல்ல, அமைச்சரை. ஐந்தாண்டுக்கு ஒரு 'கார்பன் பட்ஜெட்', அதாவது வெளியேற்றத்துக்கான உச்சவரம்பு. அதையும் ஏறத்தாழ 12 ஆண்டுகள் முன்பே நிர்ணயித்தாக வேண்டும். சுயேச்சையான பருவநிலை மாற்றக் குழு ஆண்டுதோறும் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை அளிக்கும். அரசு அதற்குப் பதில் சொல்லியே தீர வேண்டும். தவறினால் அபராதமில்லை. ஆனாலும் இது பல்லில்லாத சட்டமல்ல: அரசின் திட்டம் போதிய விவரமின்றி இருப்பதாக 2022-இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது, திருத்திய திட்டமும் 2024-இல் அங்கே தோற்றது.

2019 ஜூனில், பிரதமர் தெரசா மே பதவி விலகவிருந்த நேரத்தில், 80% என்பது 100% ஆக உயர்த்தப்பட்டது. இதுவே 'நிகர பூஜ்ஜியம்'.

இதுவரையிலான குறைப்பில் பெரும்பங்கு மின்துறையுடையது. நாட்டின் கடைசி நிலக்கரி மின்நிலையமான ராட்கிளிஃப் 2024 செப்டம்பர் 30-இல் மூடப்பட்டது. அதன் பெருமை முழுவதையும் இச்சட்டத்துக்குக் கொடுத்துவிட முடியாது. நிலக்கரிக்குப் பாதகமான கார்பன் விலையும் ஐரோப்பிய மாசு விதிகளும் அதில் பங்காற்றின. இறக்குமதிப் பொருள்களுக்காக அயல்நாடுகளில் எழும் புகையோ இக்கணக்கில் சேருவதே இல்லை.

கட்சிகளிடையே நிலவிய ஒற்றுமை நீடிக்கவில்லை. ஆட்சிக்கு வந்தால் சட்டத்தை ரத்துசெய்வோம் என்று 2025 அக்டோபரில் கன்சர்வேட்டிவ் தலைவர் கெமி பேடனாக் அறிவித்தார்.